மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

“பிக்அப்னா அப்படித்தான் இருக்கும்லா” என்று ஓர் அக்காவிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஈப்போவில் முப்பத்தெட்டு வருடம் வண்டி பழுது பார்த்தவன் நான். எத்தனையோ பேரிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொன்னது மட்டும் திரும்பி வந்து என்னையே அறைந்தது. புதிதாகப் பட்டறையில் கால் வைத்திருக்கிற தம்பிகளும் தங்கச்சிகளும் கொஞ்சம் காது கொடுங்கள். ஸ்பேனர் பிடிக்கிற விதத்தை உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது என் முட்டாள்தனத்தை.

முதலில் மஞ்சள் பெயிண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எந்த நட்டை முறுக்கி முடித்தாலும் அதன் தலையில் சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு வைத்துவிட வேண்டும். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, மறுபடி அதில் கை வைக்கத் தேவையில்லை என்று அர்த்தம். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நாலு பட்டறை சுற்றிவிட்டு என்னிடம் திரும்பி வருகிற வண்டியின் அடியில் படுத்து டார்ச் அடித்தால், என் பொட்டு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். அது கண்ணில் பட்டதும், இது நம்ம வேலை, இதில் கோளாறு இருக்காது என்று அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவேன்.

சுங்காயிலிருந்து வரும் முனியாண்டி அண்ணன் என் பழைய வாடிக்கையாளர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் தருகிற செம்பனைக்கு மாறியபோது பிக்அப் ஒன்றை வாங்கிப் பல வருடம் செம்பனைக் குலை ஏற்றினார். பிறகு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை விட்டுவிட்டு ஆட்டுத் தீவன வியாபாரத்துக்கு மாறினார். சனிக்கிழமை ஆனால் காலையிலேயே ஆயர் தாவாருக்குப் போய்த் தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஈப்போ, காம்பார் என்று வழியெல்லாம் ஆடு வளர்க்கிறவர்களுக்கு இறக்கிக் கொடுத்துக்கொண்டே வீடு திரும்புவார். அதே பழைய பிக்அப்தான், இரண்டு வரிசை இருக்கை வைத்தது.

அவர் மனைவி சரஸ்வதி அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அறுவை சிகிச்சை ஆனது. ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடாமல் வந்தால் தடி இல்லாமல் நடந்துவிடலாம், விட்டுவிட்டால் ஆயுசுக்கும் தடிதான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாராம். போக வர அந்த பிக்அப்பை விட்டால் அவர்களுக்கு வேறு வாகனம் கிடையாது.

அண்ணன் முதல் தடவை வந்தபோது, “சம்சாரம் சொல்றா, வண்டி ரொம்ப ஆடுதாம். முதுகுல வந்து குத்துதாம். என்னான்னு பாரேன்” என்றார். வண்டி ஆடுகிறது என்பதைவிட, சம்சாரம் சொல்கிறாள் என்பதுதான் என் காதில் நன்றாக விழுந்தது. அடிபட்ட உடம்பு, கொஞ்சம் ஆடினாலும் பெரிதாகத் தெரியும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டயரைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தேன், அலைன்மெண்ட் பார்த்தேன், லாஹாட் பக்கம் ஒரு சுற்று ஓட்டினேன். வண்டி சமர்த்தாக ஓடியது. பின்னால் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒரு சனிக்கிழமை. இந்த முறை அக்காவும் கூட வந்திருந்தார். தடியை ஊன்றி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, வலியை வெளியே காட்டிக்கொள்ளாமல் வந்து நின்றார். என் பட்டறையில் குஷன் போட்ட நல்ல நாற்காலி ஒன்றே ஒன்று உண்டு. அதில் எண்ணெய்க் கறை படிந்த யாரும் உட்காரக் கூடாது. அதைத் துடைத்துப் போட்டு அக்காவை உட்கார வைத்தேன். அண்ணனும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனோம்.

“தம்பி, நானும் வாரேன். ஒண்ணு சொல்லணும்” என்றார் அக்கா.

“நீங்க ஏன்க்கா அலையணும்? உக்காருங்க, மைலோ போடச் சொல்றேன்” என்றேன்.

இது நம் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம். வீட்டுப் பெண்கள் பட்டறைக்கு வந்தால் மரியாதையாக உட்கார வைப்போம், குடிக்க ஏதாவது கொடுப்போம். அண்ணனை உட்கார வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுவோம், அண்ணனிடம் விசாரிப்போம், அண்ணனிடமே விளக்கமும் சொல்வோம். வலி யாருக்கோ, பேச்சு யாரோடோ. மரியாதை என்று நினைத்துக்கொண்டு இதை முப்பத்தெட்டு வருடம் செய்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

சுற்றிவிட்டு வந்தோம். எனக்கு ஓர் ஆட்டமும் தெரியவில்லை. இருந்தாலும் குலுக்கலைத் தாங்குகிற நாலு அப்சார்பரையும் மாற்றினேன். அடியில் படுத்து முன்னிருந்து பின்வரை பார்த்தேன். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கட்டிப் பிடித்திருக்கிற நட்டுகளில் என் மஞ்சள் பொட்டு மங்கிப்போய்த் தெரிந்தது. நல்லது என்று நகர்ந்துவிட்டேன். கிளம்பும்போது அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டு, எல்லாம் மாற்றியாகிவிட்டது, இனிமேலும் கொஞ்சம் ஆடினால் பிக்அப் என்றால் அப்படித்தான் என்று அந்த வார்த்தையைச் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், பிறகு வண்டியில் ஏறிக்கொண்டார். கோபித்திருந்தால்கூடத் தேவலை. ‘இவனும் இவ்வளவுதான்’ என்கிற மாதிரி ஒரு பார்வை அது.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்தார். குரலே சரியில்லை. அக்கா இரண்டு தடவையாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையாம். போகிற வழியிலேயே உயிர் போய் உயிர் வருகிறது, அங்கே போய்ச் சேரும்போது காலைத் தூக்கக்கூட முடிவதில்லை, தடியோடேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். வருகிற செவ்வாய்க்கிழமையும் வராவிட்டால் அந்த இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. “என்னா பண்றதுன்னே தெரியல தம்பி” என்றார். தோட்டத்தில் பிறந்து, குலை சுமந்து, வாழ்க்கையில் எதற்கும் கலங்காத மனுஷன் போனில் மூக்கை உறிஞ்சினார்.

வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அந்த அக்காவ ஒக்கார வச்சு ஒரு தடவயாவது ஓட்டிப் பாத்தீங்களா?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். படுத்த பிறகுதான் தெரிந்தது, பதில் இல்லாததால்தான் கத்தியிருக்கிறேன் என்று.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் என் காரை எடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் போனேன். அண்ணன் வீட்டு முன்னால் பிக்அப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த மிச்ச மூட்டைகளை எல்லாம் இறக்கிக் கூரைக்கடியில் அடுக்கியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். அக்கா போகிற நாளில் எப்போதும் இப்படித்தானாம். தீவன வாடை அவருக்கு ஆகாது, பாரம் இல்லாமல் போனால் வண்டியும் குலுங்காமல் போகுமே என்று, விடியும் முன்னே எழுந்து முதுகு ஒடிய இறக்கிவிடுவாராம். நல்ல மனுஷன். நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

அக்கா வருவதாக இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்று, “அக்கா, அன்னிக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நான்தான் கேக்கல. தப்பு என் மேலதான். இன்னிக்கு நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க” என்றேன். என் வயதில் அப்படி ஒரு மன்னிப்புக் கேட்பது லேசான காரியம் இல்லை. அக்கா தடியை எடுத்தார்.

நான் ஓட்டினேன், அக்கா முன் இருக்கையில், அண்ணன் பின் இருக்கையில். பழைய சாலையில் பீடோர் தாண்டியதும் வேகத்தைக் கூட்டினேன். அக்கா உள்ளங்கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, “இப்ப ஆரம்பிக்கும் பாருங்க” என்றார். முள் எழுபதைத் தொட்டது. ஆரம்பித்தது. அட கடவுளே, இருக்கைக்கு அடியில் யாரோ சுத்தியலைப் போர்வையில் சுற்றி விடாமல் தட்டுகிற மாதிரி. எண்பத்தைந்தில் என் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. சாலையில் ஒரு சின்னப் பள்ளம் வந்தால் பின்பக்கம் குதித்து எழும்பியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். இதே வண்டியைத்தான் நான் இரண்டு தடவை ஓட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

வேகத்தைக் குறைத்து, அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன்.

“அன்னிக்கு ஆடலன்னு சொல்ல வந்தேன் தம்பி” என்றார் அக்கா. “சுங்காய்லேர்ந்து ஆயர் தாவார் வரைக்கும் உயிரை எடுத்துச்சு. அங்க மூட்டை ஏத்துனதும் கம்முனு வந்துச்சு, உங்க வொர்க்‌ஷாப் வரைக்கும். தோட்டத்து ரப்பர் ஆலையில நான் ரோலர் மெஷின்ல இருந்தவ. பத்து வருஷம். ஷீட்டு உள்ள ஓடுறப்போ மெஷின் அடங்கி ஓடும். சும்மா சுத்துச்சுன்னா தடதடன்னு ஆடும். இதுவும் அப்படித்தான்னு தோணுச்சு.”

பாரம் இருந்தால் ஆட்டம் இல்லை, பாரம் இல்லாவிட்டால் ஆட்டம். பாதி வேலையை அந்த அக்கா முடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்திருக்கிறார். நான் மைலோ கொடுத்து வாயை அடைத்து அனுப்பியிருக்கிறேன். பட்டறைக்கு வந்த நாளெல்லாம் மூட்டையோடு வந்ததால் எனக்கு ஆட்டம் தெரியவில்லை. அக்காவை ஏற்றின நாளெல்லாம் பாவம், அண்ணன் பாசத்தோடு மூட்டையை இறக்கியதால் அவருக்கு மட்டும் ஆடியிருக்கிறது.

காம்பாரில் வண்டியை ஓரம் கட்டி, ரோட்டிலேயே அடியில் படுத்தேன். என் பொட்டு வைத்த அந்த நட்டுகளுக்கே போனேன். இந்த முறை பொட்டைப் பார்க்கவில்லை, பட்டைகளை எண்ணினேன். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டை கூடுதல். அப்போதுதான் ஞாபகம் வந்தது. செம்பனைக் குலை ஏற்றினால் பின்பக்கம் தொங்குகிறது என்று அண்ணன் கேட்டு, நானே என் கையால் போட்டுக் கொடுத்த பட்டைகள். குலை ஏற்றின காலத்தில் அது சரி. இப்போது வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முன்னாலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாப்ட் அதனால் கோணலாகச் சுற்றிச் சுற்றி, ஜாயிண்டும் தேய்ந்திருந்தது. வண்டியில் உள்ள எல்லா பாகத்தையும் சந்தேகப்பட்டேன், என் பொட்டை மட்டும் சந்தேகப்படவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் மணி எட்டு. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றுகிற வேலையை ரோட்டில் செய்ய முடியாது. அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது, இதே ஆட்டத்தில் இன்னும் முப்பது நாற்பது கிலோமீட்டர் போனால் பயிற்சி செய்கிற உடம்பாக இருக்காது. திரும்பிப் போகலாம் என்றார் அண்ணன். நான் எதிரே இருந்த இரும்புக் கடையைப் பார்த்தேன். ஷட்டரை அப்போதுதான் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரச் சீன அம்மா எனக்குப் பல வருடப் பழக்கம். பத்து மூட்டை சிமெண்ட் இரவல் வேண்டும், சாயங்காலம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். கட்டுவதற்கா என்று கேட்டார். இல்லை, பிக்அப்பில் வைத்து ஈப்போ போய் வரத்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சிமெண்ட் புன் மாவ் ஜாலான்-ஜாலான் கா?” என்றார். சிமெண்டுக்கும் ஊர் சுற்ற ஆசையா என்று மலாயில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஆளை விட்டு ஏற்றிக் கொடுத்தார். காலையில் வீட்டில் அவ்வளவு மூட்டையை இறக்கி வைத்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கிளம்பினோம். எழுபது. ஒன்றும் இல்லை. எண்பது. ஒன்றும் இல்லை. எண்பத்தைந்து. அப்போதும் ஒன்றும் இல்லை. திரும்பி அக்காவைப் பார்த்தால், கோப்பேங் வருவதற்குள் தூங்கிப்போயிருந்தார். பின் இருக்கையில் அண்ணன் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அக்கா பயிற்சியை முடித்துவிட்டு வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனோம். கூடுதல் பட்டைகளை எடுத்தேன், ஜாயிண்டை மாற்றினேன், நடு பேரிங்கையும் மாற்றினேன். தீவனத்துக்கு மிச்சப் பட்டைகளே தாராளம், இனிமேல் குலை மட்டும் ஏற்றாதீர்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது, முதலில் அக்காவிடம் சொன்னேன், அப்புறம்தான் அண்ணனிடம். சாயங்காலம் காம்பாரில் சிமெண்டை இறக்கிக் கொடுத்துவிட்டு, வெறும் வண்டியாகச் சுங்காயை நோக்கிப் புறப்பட்டோம். அதுதான் உண்மையான பரீட்சை. அக்கா காலையில் வைத்த மாதிரியே உள்ளங்கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். எழுபது, எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு.

“ம்” என்றார் அக்கா. கொஞ்சம் தூரம் போனதும், “பரவால்லலா” என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் பட்டறையில் இரண்டு விஷயங்களை மாற்றினேன். மஞ்சள் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஆட்டம், சத்தம் என்று வருகிற வண்டியில் பொட்டு இருக்கிற இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று, குறை யாருக்குத் தெரிகிறதோ அவர் வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே அவரை உட்கார வைத்து, வண்டி வழக்கமாகப் போகிற நிலையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் ஒரு மனுஷி உட்கார்ந்து வந்தாளே, அவளுக்கு என்ன தெரிந்தது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவர்கள் மறுபடி வந்தார்கள். கதவோரம் ஏதோ கீச் சத்தமாம். அக்கா தடியோடுதான் வந்தார், ஆனால் நடையில் பழைய பயம் இல்லை. என் கை தானாகவே அந்த நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டது. அக்காவும் என் மனம் கோணக் கூடாது என்று உட்கார்ந்தார். மைலோ வந்தது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மைலோ இருக்கட்டும் தம்பி. மொதல்ல ஓட்டிப் பாப்போம், வாங்க” என்று எழுந்து போய் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். லாஹாட் சாலைக்குப் போவதற்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார். கதவு ரப்பர் விலகியிருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து இறங்கியபோதுதான் பார்த்தேன். அக்காவின் தடி நாற்காலியில் சாய்த்து வைத்தபடியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பதறிப்போய் பிக்அப் பக்கம் ஓடினேன். அக்கா அதற்குள் பாதி தூரம் நடந்து வந்துவிட்டார். என் கையில் இருந்த தடியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பின்னால் திகைத்து நின்ற அண்ணனைப் பார்த்தார்.

“அத அங்கேயே வச்சுடுங்க தம்பி” என்றார். “மைலோ ஆறிடும்.”